காரிடார் ரீபில்ட் கொடுத்தால் க்ராஷ்: கோளாறு கம்ப்யூட்டரிலா, ஃபைலிலா, டிசைனிலா?

கேள்வி:

வணக்கம் சார். சாலை வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 18 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை ஒன்றை சிவில் 3டி மென்பொருளில் டிசைன் செய்கிறோம். சர்வே, அலைன்மென்ட் (சாலையின் நடுக்கோடு), ப்ரொஃபைல் (அதன் நீளவாக்கு லெவல்), காரிடார் (இவற்றிலிருந்து உருவாகும் சாலையின் முப்பரிமாண மாதிரி), ஷீட் எல்லாம் ஒரே ட்ராயிங்கில்தான் இருக்கின்றன. ஃபைல் 340 எம்பி. துல்லியத்துக்காக காரிடார் ஃப்ரீக்வென்சியை (குறுக்குவெட்டுகளின் இடைவெளி) 1 மீட்டர் வைத்திருக்கிறேன். ரீபில்ட் (காரிடாரை மறுபடி கணக்கிடுவது) கொடுத்தால் பாதி நேரம் 'ஃபேட்டல் எரர்' என்று வந்து மூடிக்கொள்கிறது. தப்பித்தவறி முடிந்தால் ஈவன்ட் வியூவர் ஜன்னலில் 600க்கு மேல் எரர் வந்து நிற்கிறது. மென்பொருளை இரண்டு முறை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. ரேமை 32 ஜிபியிலிருந்து 64 ஆக்கினால் சரியாகுமா? அந்த எரர் ஜன்னல் ஒவ்வொரு முறையும் வராமல் நிறுத்த வழி உண்டா? க்ராஷ் ரிப்போர்ட் அனுப்பச் சொல்லிக் கேட்கிறதே, அனுப்பலாமா? இரண்டு வாரத்தில் சப்மிஷன் இருக்கிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

ரேமில் பணம் போட அவசரப்பட வேண்டாம். எரர் ஜன்னலை நிறுத்த வழி இருக்கிறது, ஆனால் நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது க்ராஷை நினைத்து அல்ல, அந்த 600 எரரை நினைத்துத்தான். க்ராஷ் ஆனால் வேலை நிற்கும், அவ்வளவுதான். எரரோடு முடிந்த காரிடார் அப்படியே ஷீட்டுக்கும் மண் கணக்குக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

600 எரர் என்றால் 600 தப்பு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மூன்று நான்கு தப்புகள்தான் ஒவ்வொரு செயினேஜிலும் (சாலையின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஃப்ரீக்வென்சி 1 மீட்டர் என்பதால் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோளாறு இருந்தாலே 200 எரர் வந்துவிடும். ஜன்னலில் செயினேஜ்களை வரிசையாகப் பாருங்கள். தொடர்ச்சியாக வரும் கூட்டங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஐந்தாறு வரியில் அடங்கிவிடும்.

அதில் அதிகம் வருவது, வெட்டுப்புள்ளியைக் கணக்கிட முடியவில்லை என்று சொல்லும் எரராக இருக்கும். டேலைட் சப்அசெம்ப்ளி, அதாவது பக்கச் சாய்வைப் போடும் உறுப்பு, சாலையின் ஓரத்திலிருந்து சாய்வாகக் கோடு போட்டுக்கொண்டே போய் இயற்கைத் தரையைத் தொட வேண்டும். தொடத் தரை கிடைக்காதபோது இந்த எரரைக் கொடுக்கும்.

ஒரு இடத்தை எடுத்துப் பார்ப்போம். பாலத்தை நெருங்கும் 300 மீட்டர் பகுதியில் ஃபில்லிங் (மண் நிரப்பும்) உயரம் 9 மீட்டர், பக்கச் சாய்வு 1க்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டிலிருந்து மண்மேட்டின் மேல் விளிம்பு 14 மீட்டர். சமதரையாக இருந்தாலே சாய்வு 18 மீட்டர் ஓடும். ஆக, அடிவிளிம்பு நடுக்கோட்டிலிருந்து 32 மீட்டரில் போய் விழுகிறது. சர்வே எடுத்தது இருபக்கமும் 30 மீட்டர்தான். கடைசி 2 மீட்டருக்குத் தரை இல்லை. மென்பொருள் பாவம், என்ன செய்யும்? சாய்வையே போடாமல் விட்டுவிட்டு எரர் எழுதி வைக்கிறது. இதற்கு மென்பொருள் மன்றங்களில் மருந்து தேடிப் பயனில்லை. சர்வே குழுவிடம் போய் அந்த 300 மீட்டருக்கு மட்டும் இன்னும் 10 மீட்டர் அகலம் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும், அல்லது அங்கே தடுப்புச் சுவர் வேண்டுமா என்று டிசைனில் முடிவெடுக்க வேண்டும்.

ஜன்னலை மூடிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டே காட்டுகிறேன். விடுபட்டது 9 மீட்டர் உயரம், 18 மீட்டர் அகலம் உள்ள முக்கோணம். பரப்பு 81 சதுர மீட்டர். கிராஸ் செக்ஷன் 20 மீட்டருக்கு ஒன்று என்றால், சராசரிப் பரப்பு முறையில் ஒரே ஒரு செக்ஷனில் ஒரு பக்கச் சாய்வு விடுபட்டாலே 1,620 கன மீட்டர் மண் கணக்கில் குறையும். 300 மீட்டருக்கு இப்படிப் போனால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதில் ஒரு எண்கூடச் சிவப்பு நிறத்தில் வராது.

மற்ற எரர்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடைசிச் செயினேஜுகளில் மட்டும் எரர் வந்தால் ப்ரொஃபைல் அலைன்மென்ட்டை விடக் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அலைன்மென்ட் 18+000 வரை, டிசைன் ப்ரொஃபைல் 17+980 வரை என்பது ரொம்ப சாதாரணம். டார்கெட் (சாய்வோ அகலமோ போய்த் தொட வேண்டிய இலக்கு) இல்லை என்று வந்தால் டார்கெட் மேப்பிங்கில் சர்ஃபேஸ் (தரையின் மாதிரி) பெட்டி காலியாக இருக்கும். ரீஜனை (காரிடாரின் ஒரு பகுதி) பிரித்தபோதோ அசெம்ப்ளியை (சாலையின் குறுக்குவெட்டு அமைப்பு) மாற்றியபோதோ விட்டுப்போயிருக்கும். காரிடார் திடீரென்று ஒரு பக்கம் நூறு நூற்றைம்பது மீட்டர் றெக்கை விரித்திருந்தால், சர்வே புள்ளிகளில் லெவல் 0 என்று ஒன்றிரண்டு நுழைந்திருக்கும். தரை லெவல் 85 மீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி 0 என்றால் அங்கே 85 மீட்டர் பள்ளம் இருப்பதாக மென்பொருள் நம்பிவிடும். சர்ஃபேஸ் ப்ராபர்ட்டீஸில் டெஃபனிஷன் பகுதிக்குப் போய், குறிப்பிட்ட லெவலுக்குக் கீழே உள்ளவற்றை ஒதுக்கும் வசதியை ஆன் செய்து 60 என்று கொடுங்கள். அதே இடத்தில் சர்ஃபேஸை உருவாக்கும் முக்கோணத்தின் அதிகபட்ச நீளத்துக்கும் ஒரு வரம்பு வைத்துவிட்டால், சர்வே எல்லைக்கு வெளியே நீளநீளமாக ஓடும் பொய்யான முக்கோணங்களும் போய்விடும்.

சரி, இப்போது க்ராஷுக்கு வருவோம்.

'அன்ஹேண்டில்ட் ஆக்சஸ் வயலேஷன்' என்று ஏதோ எண்களோடு வருகிறதே, அந்த எண்ணைத் தேடிக்கொண்டு அலையாதீர்கள். எங்கே விழுந்தது என்று மென்பொருளை எழுதியவர்களுக்குச் சொல்லும் முகவரி அது, நமக்கு உதவாது. நாம் கேட்க வேண்டியது, கோளாறு கம்ப்யூட்டரிலா, ஃபைலிலா, டிசைனிலா என்பதுதான். இதைப் பிரித்தறிய அரை மணி நேரம் போதும். இதே ஃபைலின் காப்பியைப் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில், அதே வெர்ஷன் மென்பொருளில் திறந்து ரீபில்ட் கொடுங்கள். பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் வேறொரு புராஜெக்ட்டின் காரிடாரை ரீபில்ட் செய்யுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் இந்த ஃபைல் விழுந்து, வேறு ஃபைல் ஒழுங்காக ஓடினால், உங்கள் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மென்பொருளை மறுபடி போட்டும் பலன் இல்லாததற்கும் இதுவே காரணம். ட்ராயிங்குக்குள் இருக்கும் சிக்கல் அழித்துப் போட்டால் எப்படிப் போகும்? போதாக்குறைக்கு, சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தால் உங்கள் பயனர் செட்டிங்ஸ் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், புதிதாகப் போட்டதும் பழைய செட்டிங்ஸே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். செட்டிங்ஸ் மேல் சந்தேகம் என்றால் ஸ்டார்ட் மெனுவில் மென்பொருளின் பெயருக்குக் கீழேயே இருக்கும் 'ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்' போதும். அதற்கு முன் உங்கள் பயனர் ப்ரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குறுக்குவிசைகளெல்லாம் போய்விட்டதே என்று புலம்ப வேண்டியிருக்கும்.

ரேம் போதுமா என்பதற்கு டாஸ்க் மேனேஜரே சாட்சி. ரீபில்ட் ஓடும்போது அதைத் திறந்து வையுங்கள். மெமரி நிரம்பி வழிந்து டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ரேம் வாங்குங்கள். மெமரியில் இடம் இருக்க, சிபியு மட்டும் 12, 13 சதவீதத்தில் அசையாமல் நின்றால் அது வேறு கதை. 8 லாஜிகல் ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டரில் 12.5 சதவீதம் என்றால் ஒன்று மட்டும் முழு மூச்சாக உழைக்கிறது, மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன என்று பொருள். காரிடார் கணக்கு பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். 64 ஜிபி அல்ல, 128 போட்டாலும் அது வேகமாகாது.

கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்க வேண்டியது ஜூம் செய்யும்போது, சுழற்றும்போது, ஆப்ஜெக்ட் வியூவரில் பார்க்கும்போது க்ராஷ் ஆனால் மட்டும். அப்போது 'கிராஃபிக்ஸ்கான்ஃபிக்' கட்டளையில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்திப் பார்க்கலாம். உங்களுக்கு ரீபில்டில் விழுகிறது, அதனால் இதைத் தாண்டிப் போகலாம்.

ஃபைலைச் சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் காப்பி எடுங்கள், அசலைத் தொடாதீர்கள். காப்பியை ஓபன் கொடுத்துத் திறக்காமல் 'ரெகவர்' கட்டளையால் திறங்கள். அடுத்து 'ஆடிட்' (ட்ராயிங்கில் பிழை தேடும் கட்டளை) கொடுத்து, திருத்தவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். அப்புறம், பயன்படாததை நீக்கும் 'பர்ஜ்' கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு கோடு சேர்த்து அடித்து, ரெக்ஆப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். வெளியிலிருந்து வாங்கிய ட்ராயிங்குகளோடு ஒட்டிக்கொண்டு வரும் குப்பை இது. ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேல் லிஸ்ட்டையும் ரீசெட் செய்துவிட்டு, சாதாரண பர்ஜ் கொடுத்து, மறுபடி ஒரு ஆடிட். மைக்ரோஸ்டேஷன் ஃபைலிலிருந்து வந்த கோட்டு வடிவங்கள் இருந்தால் 'டிஜிஎன்பர்ஜ்' கட்டளையையும் ஓட்டுங்கள். அவை ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி பேஸ்ட் வழியே தொற்றி அளவை ஊத வைக்கும். 'டபிள்யூபிளாக்' (வேண்டியதை மட்டும் புது ஃபைலாக எழுதுவது) செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். வெறும் கோடுகளுக்கு அது நல்ல வழிதான். காரிடாரும் சர்ஃபேஸும் உள்ள ஃபைலில் ஒன்றையொன்று பிடித்திருக்கும் தொடர்புகள் அறுந்துபோகலாம், அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இந்தச் சுத்தமெல்லாம் ட்ராயிங் டேட்டாபேஸுக்குத்தான். காரிடாருக்கு டார்கெட் தப்பாகக் கொடுத்திருந்தால் ஆடிட் அதைக் கண்டுகொள்ளாது. சுத்தம் செய்த பிறகும் ரீபில்டில் விழுந்தால், பாதி பாதியாக வெட்டித் தேடுவதுதான் வழி.

காரிடாரின் மேல் ரைட் கிளிக் செய்து தானாக ரீபில்ட் ஆவதை நிறுத்துங்கள். ப்ராபர்ட்டீஸில் பேராமீட்டர்ஸ் பகுதியில் ஒவ்வொரு ரீஜனுக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கும். 18 கிலோமீட்டரும் ஒரே ரீஜனாக இருந்தால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 9 கிலோமீட்டரை மட்டும் டிக் செய்து ரீபில்ட். விழவில்லையா, அடுத்த 9. விழுந்த பாதியை நாலரையாக, அதை இரண்டேகாலாக... ஐந்து முறை வெட்டினால் சுமார் 560 மீட்டருக்கு வந்துவிடுவீர்கள். ஒரு மதியத்துக்குள் பிடி கிடைத்துவிடும்.

அந்த 560 மீட்டரில் என்ன தேடுவது? இரண்டு ரீஜன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அகலத்துக்கு டார்கெட்டாகக் கொடுத்த கோடு வளைந்து திரும்பி வந்து, ஒரே செயினேஜில் செங்குத்துக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டுகிறதா? சந்திப்புகளிலும் சர்வீஸ் ரோடு சேரும் இடத்திலும் இது அடிக்கடி நடக்கும். அலைன்மென்ட்டைப் பாலிலைனிலிருந்து மாற்றியிருந்தால், அரை மீட்டர் ஒரு மீட்டர் துண்டுகள் கோணலாக நுழைந்திருக்கலாம். எனக்கு எப்போதும் முதல் சந்தேகம் சுற்றிச் சுற்றி வரும் சார்பு மேல்தான். ஃபீச்சர்லைன் (லெவலோடு கூடிய கோடு) ஒரு சர்ஃபேஸிலிருந்து லெவல் எடுக்கிறது. அந்த சர்ஃபேஸில் காரிடார் சர்ஃபேஸை பேஸ்ட் செய்திருக்கிறோம். காரிடார் அதே ஃபீச்சர்லைனை டார்கெட்டாகப் பிடித்திருக்கிறது. இதில் எது முதலில் மாறும், எது அடுத்தது? ரீபில்ட் கொடுத்த மறுநொடியே 'ரீபில்ட் தேவை' என்று காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி மறுபடி வந்து நின்றால் இதுதான் நடக்கிறது. அந்த ஃபீச்சர்லைனின் லெவலை நிலையானதாக ஆக்கிச் சங்கிலியை ஓரிடத்தில் அறுத்துவிடுங்கள்.

எந்தப் பாதியிலும் விழாமல் மொத்தத்தையும் சேர்த்தால் மட்டும் விழுகிறது என்றால், அது பாரம். அதற்கு உங்கள் 1 மீட்டர் ஃப்ரீக்வென்சிதான் முக்கியக் காரணம். 18 கிலோமீட்டரில் 18,000 குறுக்குவெட்டுகள், ஒவ்வொன்றிலும் இருபக்கமும் தரையைத் தேடிப் போகும் கணக்கு. இந்தத் துல்லியம் எதற்கு? நேர்க்கோட்டில், ப்ரொஃபைலும் ஒரே சாய்வில் போகும்போது, 1 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் சாலையின் வடிவத்தில் வித்தியாசமே இல்லை. வளைவில் வித்தியாசம் உண்டு, அதையும் அளந்துவிடலாம்: நாணின் நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், வளைவுக்கும் நேர்நாணுக்கும் இடையே உள்ள விலகல் கிடைக்கும். ஆரம் 400 மீட்டர் என்றால் 20 மீட்டர் இடைவெளியில் விலகல் 12.5 சென்டிமீட்டர், அது அதிகம். 10 மீட்டரில் 3 சென்டிமீட்டர். 5 மீட்டரில் 8 மில்லிமீட்டர். 1 மீட்டரில் 0.3 மில்லிமீட்டர். சர்வே கருவியே அந்தத் துல்லியத்தில் தரையை அளக்கவில்லையே! நேர்ப்பகுதிக்கு 20, வளைவுக்கு 5, சந்திப்புகளின் மூலை வளைவுக்கு மட்டும் 1 என்று மாற்றுங்கள். சூப்பர்எலிவேஷன் (வளைவில் சாலையின் குறுக்குச் சாய்வு) மாறும் புள்ளிகளிலும் செங்குத்து வளைவின் உச்சி, பள்ளங்களிலும் தனியாக ஒரு செக்ஷன் விழும்படி அதே பெட்டியில் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். பாரம் பல மடங்கு குறையும்.

ட்ரோன் சர்வே என்றால் சர்ஃபேஸிலும் இதே கதைதான். சாலைக்குச் சம்பந்தமில்லாத வயலும் வீட்டுக்கூரையும் சேர்ந்து லட்சக்கணக்கில் புள்ளிகள் உள்ளே வந்திருக்கும். 'டேட்டா கிளிப்' எல்லையைப் புள்ளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே போட வேண்டும். அதற்குப் பிறகு சேரும் டேட்டாவை மட்டும்தான் அது வடிகட்டும். பின்னால் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய.

பிறகு அந்த 340 எம்பி. எல்லாவற்றையும் ஒரே ட்ராயிங்கில் வைத்திருப்பதால்தான் ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் ஆடுகிறது. தரை சர்ஃபேஸ் ஒரு ஃபைல், அலைன்மென்ட்டும் ப்ரொஃபைலும் ஒரு ஃபைல், காரிடார் 4, 5 கிலோமீட்டருக்கு ஒரு ஃபைல், ஷீட்டுகள் தனி. டேட்டா ஷார்ட்கட் (வேறு ஃபைலில் உள்ளதைச் சுட்டும் இணைப்பு) வழியாக ஒன்றை மற்றொன்றில் இணைத்துக்கொள்ளுங்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயங்களும் உண்டு. ஃபோல்டர் பெயர்களை நடுவில் மாற்றினால் ஷார்ட்கட் அறுந்துபோகும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்ப் பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தொட்டால் விண்டோஸிலேயே சிக்கல் வரும். தானாக சிங்க் ஆகும் கிளவுட் ஃபோல்டரில் வேலை செய்யும் ஃபைல்களை வைக்காதீர்கள். நீங்கள் சேவ் செய்துகொண்டிருக்கும்போதே அது ஃபைலைப் பிடித்து இழுக்கும், கடைசியில் யாருடைய காப்பி புதியது என்று தெரியாமல் போகும். குழுவில் ஒருவர் மட்டும் புது வெர்ஷனுக்குப் போவதும் கூடாது. டிடபிள்யூஜி வடிவம் 2018 முதல் பல வெளியீடுகளுக்கு ஒன்றுதான், ஆனால் அதனுள் இருக்கும் சிவில் ஆப்ஜெக்ட்கள் அப்படியில்லை. புதியதில் சேவ் செய்ததைப் பழையதில் திறந்தால் தொட முடியாத ப்ராக்ஸியாக நிற்கலாம்.

ஃபைல் ரெகவரிலும் திறக்காத அளவுக்குப் போய்விட்டால், தரை சர்ஃபேஸ், அலைன்மென்ட், ப்ரொஃபைல் மூன்றையும் கடைசியாக நல்லபடி திறந்த காப்பியிலிருந்து லேண்ட்எக்ஸ்எம்எல்லாக (டிசைன் டேட்டாவைப் பரிமாறும் ஃபைல் வடிவம்) எடுத்து, புது டெம்ப்ளேட்டில் இறக்குங்கள். அசெம்ப்ளியும் காரிடாரும் அதில் முழுதாக வராது, அவற்றை மறுபடி செய்ய வேண்டும். உங்கள் அளவுள்ள வேலைக்கு இரண்டு மூன்று நாள். கெட்டுப்போன ஃபைலைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட இது லாபம்.

இரண்டு வாரத்தில் முடியுமா என்றால், முடியும். இன்றே ஃப்ரீக்வென்சியை மாற்றி, ஃபைலைச் சுத்தம் செய்துவிடுங்கள். க்ராஷ் அதிலேயே நின்றுவிட்டால் ஃபைலைப் பிரிக்கும் வேலையை சப்மிஷனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எரர் பட்டியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சர்வே போதாத செயினேஜுகளை நாளைக்கே டீம் லீடரிடம் எழுத்தில் கொடுங்கள். திரும்பவும் ஆள் அனுப்பி அளக்க நேரம் வேண்டும். மண் கணக்கு எடுப்பதற்கு முன்னால், மீதம் நிற்கும் ஒவ்வொரு எரருக்கும் எதிரே அது ஏன் நிற்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

க்ராஷ் ரிப்போர்ட்டைத் தாராளமாக அனுப்புங்கள். 'மூடிக்கொண்டது' என்று மட்டும் எழுதாமல், எந்தக் கட்டளை, எந்த ரீஜன், அதற்கு முன் என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்படியே உங்கள் வெர்ஷனுக்கு வந்திருக்கும் அப்டேட்டையும் பார்த்து, குழுவில் எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஆனால் சப்மிஷன் முடிந்த பிறகு.